கருப்புக் கண்ணாடியும் கண்ணுக்குத் தெரியாத ஒளியும்

தமிழ்நாட்டில் வெயிலுக்கு அணியும் கண்ணாடியை விற்பவரும் வாங்குபவரும் கூலிங் கிளாஸ் என்றே சொல்கிறார்கள். பெயரிலேயே குளிர்ச்சி இருப்பதால், கண்ணைக் குளிர வைப்பதுதான் அதன் வேலை என்று நாமும் எண்ணிக்கொள்கிறோம். அணிந்த மறுகணமே கூச்சம் அடங்குகிறது, சுருங்கிய நெற்றி தளர்கிறது, வெயிலில் வெளுத்துக் கிடந்த சாலை தெளிவாகத் தெரிகிறது. ஆகவே கண் பாதுகாக்கப்பட்டுவிட்டது என்று தோன்றுவது இயல்பே. ஆனால் இதம் வேறு, பாதுகாப்பு வேறு. இதத்தைத் தருவது கண்ணாடியின் கருமை. பாதுகாப்பைத் தருவது, அந்தக் கருமையோடு சம்பந்தமில்லாத, வெறுங்கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாத இன்னொரு குணம். இரண்டும் ஒரே கண்ணாடியில் சேர்ந்திருக்கலாம். ஒன்று இருந்து மற்றொன்று இல்லாமலும் போகலாம். கண்ணாடிக் கடையில் நாம் பார்த்துத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் முதலாவதை. கண்ணுக்குத் தேவைப்படுவதோ இரண்டாவது.

ஊதாவுக்கு அப்பால்

சூரிய ஒளியை முப்பட்டகத்தின் வழியாகச் செலுத்தினால் அது சிவப்பு முதல் ஊதா வரை விரிந்து விழும் என்பதைப் பள்ளியில் படித்திருப்போம். 1801இல் யோகான் வில்லெம் ரிட்டர் என்ற ஜெர்மானிய அறிவியலாளர், ஒளி பட்டால் கருக்கும் வெள்ளி குளோரைடைத் தடவிய தாளை அந்த நிறங்களின் நடுவே வைத்துச் சோதித்தார். ஊதா நிறம் முடிந்து, கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில்தான் தாள் மிக விரைவாகக் கருத்தது. வண்ணப் பட்டையின் விளிம்புக்கு வெளியேயும் ஏதோ ஒன்று விழுகிறது என்பது அப்போது தெரியவந்தது. புற ஊதாக் கதிர் என்று தமிழில் நாம் வழங்கும் பெயர் அந்த இடத்தைத்தான் சுட்டுகிறது.

ஒளியின் அலைநீளத்தை நானோமீட்டரில் அளக்கிறார்கள். ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். நாம் காணும் ஒளி ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலானது. 400க்குக் கீழே 100 வரை உள்ளதைப் புற ஊதா என்று வகுத்து, அதை மேலும் மூன்றாகப் பிரிக்கிறார்கள்: 315 முதல் 400 வரை ஏ, 280 முதல் 315 வரை பி, அதற்கும் கீழே சி. சி வகையை ஓசோன் படலமும் காற்று மண்டலமும் முழுவதுமாக விழுங்கிவிடுகின்றன. பி வகையில் பெரும்பகுதியும் மேலேயே நின்றுவிடுகிறது. தரைக்கு வந்து சேரும் புற ஊதாவில் ஏறத்தாழ 95 விழுக்காடு ஏ வகை. ஆனாலும் அளவில் சிறிய பி வகைக்கு ஆற்றல் அதிகம். தோலைச் சுடுவதிலும் கண்ணைக் கெடுப்பதிலும் அதன் பங்கு அதன் அளவைவிடப் பெரியது.

இவற்றைக் காட்டிலும் முக்கியமானது, இந்தக் கதிர் நம் புலன்களுக்கு எட்டாது என்பதுதான். வெயில் சுடுகிறது என்று நாம் உணர்வது பெரும்பாலும் அகச்சிவப்பின் வேலை. வெயில் பளீரென்று அடிக்கிறது என்று உணர்வது கட்புலனாகும் ஒளியின் வேலை. புற ஊதா தாக்கும் நேரத்தில் அது சூடாகவும் தெரிவதில்லை, வெளிச்சமாகவும் தெரிவதில்லை. எனவே உடம்பின் உணர்வை வைத்து அதை மதிப்பிட முயல்பவர் அடிக்கடி ஏமாந்து போவார். உயரம் 1,000 மீட்டர் கூடும்போது புற ஊதா 10 முதல் 12 விழுக்காடு வரை கூடுகிறது. 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் ஸ்வெட்டர் அணிந்து ஏரியைச் சுற்றி வருபவரின் கண்ணில், அதே நேரத்தில் அதே போன்ற தெளிந்த வானத்தின் கீழ் சமவெளியில் வியர்த்துக்கொண்டு நிற்பவரின் கண்ணில் படுவதைவிட இருபது விழுக்காட்டுக்கும் மேல் கூடுதலாகப் படுகிறது. மெல்லிய மேகமும் அப்படித்தான்: வெளிச்சத்தை மங்கச் செய்தாலும், புற ஊதாவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அதன் வழியே இறங்கிவிட முடியும்.

மாதங்களைப் பற்றிய நம் கணக்கும் இதே காரணத்தால் பிசகுகிறது. அக்னி நட்சத்திரம் முடிந்ததும் வெயிலும் முடிந்தது என்று நினைக்கிறோம். சென்னையில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும் நிழலில்லா நாள் ஆண்டுக்கு இருமுறை வருகிறது. ஒன்று ஏப்ரல் 24ஐ ஒட்டியும் மற்றொன்று ஆகஸ்ட் 18ஐ ஒட்டியும். காற்றும் சாரலும் கலந்து சற்றே குளிர்ந்துவிட்ட ஆகஸ்டில், வானம் தெளிந்த நண்பகலில் இறங்கும் புற ஊதா, ஏப்ரலோடு ஒப்பிடத் தக்கதே. நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் புற ஊதா வலுவாக இருக்கிறது என்று கொள்ளும் எளிய விதி ஒன்று உண்டு. அதன்படி பார்த்தால், மார்கழியில் சூரியன் மிகத் தாழ்ந்து செல்லும் நாளில்கூடச் சென்னையின் நண்பகல் நிழல் ஆளின் உயரத்தில் முக்கால் பங்குதான். நம் நிலத்துக்குப் புற ஊதா இல்லாத பருவம் என்று ஒன்று கிடையாது.

கண்ணுக்குள் என்ன நடக்கிறது

கண்ணுக்குள் நுழையும் ஒளி முதலில் கார்னியா என்னும் ஒளி ஊடுருவும் முன்படலத்தையும், அடுத்து லென்ஸையும் கடந்து, கடைசியாக விழித்திரையில் விழுகிறது. பி வகையில் கணிசமான பகுதியைக் கார்னியாவே உறிஞ்சிவிடுகிறது. மிஞ்சிய பி வகையையும் ஏ வகையில் பெரும்பகுதியையும் லென்ஸ் உறிஞ்சுகிறது. வயது வந்தோரின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் புற ஊதா மிகச் சிறிதளவே. விழித்திரையைக் காக்கும் இந்த ஏற்பாட்டில், கதிரைத் தாங்கி நிற்கும் கார்னியாவும் லென்ஸும்தான் சேதத்தை வாங்கிக்கொள்கின்றன.

உடனடியாகத் தெரியும் சேதம் கார்னியாவின் மேற்பரப்பு வெந்துபோவது. பனிமலையில் கண்ணாடி இல்லாமல் நடந்தவர்களுக்கும், தடுப்பு இல்லாமல் வெல்டிங் பொறியைப் பார்த்தவர்களுக்கும் இது நேர்கிறது. கதிர் பட்ட நேரத்தில் ஒன்றும் தெரியாது. ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, பெரும்பாலும் நள்ளிரவில், கண்ணில் மண்ணை அள்ளிப் போட்டது போன்ற உறுத்தலும் நீர் வடிதலும் வெளிச்சத்தைப் பார்க்க முடியாத கூச்சமும் தொடங்கும். ஓரிரு நாளில் மேற்பரப்புச் செல்கள் மீண்டும் வளர்ந்து சரியாகிவிடும் என்பது ஆறுதல். இந்தச் சமயத்தில் கண்ணைக் கசக்குவதும், கடையில் தாமாக மரப்புச் சொட்டு மருந்து வாங்கித் தொடர்ந்து ஊற்றுவதும் கூடாது. கண் மருத்துவரிடம் போவதே முறை.

மெதுவாக வளரும் சேதங்களில் நம் பகுதியில் மிகவும் கண்ணில் படுவது, கண்ணில் சதை வளர்தல். மருத்துவர்கள் இதை டெரிஜியம் என்பார்கள். வெண்விழியை மூடியிருக்கும் மெல்லிய சவ்வு, முக்கோண வடிவில் தடித்து, கருவிழியின் மேல் ஊர்ந்து வருகிறது. கடலோரத்திலும் வயலிலும் கட்டடப் பணியிலும் நாள் முழுதும் நின்ற நடுத்தர வயதினர் பலரிடம் இதைப் பார்க்கலாம். சுஸ்ருத சம்ஹிதை இதை அர்மம் என்று குறிப்பிட்டு, அறுத்து நீக்கும் முறையையும் விவரிக்கிறது என்றால், வெயில் மிகுந்த இந்த நிலப்பகுதிக்கு இந்த நோய் எவ்வளவு பழையது என்று எண்ணிப் பார்க்கலாம். இன்றைய அறுவை மருத்துவம் தேர்ந்தது என்றாலும், எடுத்த சதை மீண்டும் வளரும் வாய்ப்பு இன்னும் இருக்கிறது.

இந்தச் சதை பெரும்பாலும் மூக்குப் பக்கத்திலிருந்தே கிளம்புவது ஏன் என்ற கேள்விக்குக் கிடைத்த விடை சுவையானது. மூக்கின் நிழல் விழுவதால் அந்தப் பக்கம்தானே கூடுதல் பாதுகாப்போடு இருக்க வேண்டும்? ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் மினாஸ் கொரோனியோ இதை விளக்கினார். நெற்றிப்பொட்டுப் பக்கத்திலிருந்து சாய்வாக வரும் ஒளியைக் கார்னியாவின் வளைவு ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடியைப் போல வளைத்து, எதிர்ப்புறத்தில், அதாவது மூக்குப் பக்கத்து விளிம்பில், குவிக்கிறது. குவியும் இடத்தில் ஒளியின் செறிவு இருபது மடங்கு வரை கூடுகிறது. கருவிழிப் பரப்பைப் புதுப்பிக்கும் மூலச் செல்கள் குடியிருப்பதும் அந்த விளிம்பில்தான். நேரே முன்னால் இருந்து வரும் வெயிலை மட்டும் தடுத்தால் போதாது, பக்கவாட்டில் நுழைவதையும் தடுக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டியதில்லை.

அடுத்தது கண்புரை. லென்ஸ் புரதங்களால் ஆனது. அந்தப் புரதங்கள் ஓர் ஒழுங்கில் அடுக்கப்பட்டிருக்கும் வரை அது தெளிவாக இருக்கிறது. தோல் உரிந்து புதிதாவதைப் போல லென்ஸ் புதுப்பிக்கப்படுவதில்லை. கருவில் உருவான அதன் மையம் சாகும் வரை நம்முடனே இருக்கிறது. அதனால் அதில் விழும் ஒவ்வொரு சிறு சேதமும் கணக்கில் ஏறிக்கொண்டே போகிறது. அமெரிக்காவின் செசாபீக் விரிகுடாவில் நண்டும் சிப்பியும் பிடிக்கும் 838 படகுத் தொழிலாளர்களை ஆராய்ந்து ஹ்யூ டெய்லரும் அவர் குழுவினரும் 1988இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் பெயர் பெற்றது. ஒவ்வொருவரும் வாழ்நாளில் எத்தனை மணி நேரம் வெயிலில் நின்றார், தொப்பி அணிந்தாரா, கண்ணாடி அணிந்தாரா என்பதையெல்லாம் கேட்டு, கண்ணில் விழுந்த பி வகைப் புற ஊதாவின் மொத்தத்தை மதிப்பிட்டார்கள். அந்த மொத்தம் இரட்டிக்கும்போது, லென்ஸின் புறப்பகுதியில் தோன்றும் புரை வகைக்கான வாய்ப்பு 1.6 மடங்கானது. லென்ஸின் நடுவில் தோன்றும் புரைக்கு அத்தகைய தொடர்பு தெரியவில்லை. ஆகவே கண்புரைக்கு வெயில்தான் காரணம் என்று ஒரே அடியாகச் சொல்லிவிடக் கூடாது. முதுமை, நீரிழிவு, புகைப்பழக்கம், ஸ்டீராய்டு மருந்து எல்லாம் அதில் பங்கு கொள்கின்றன. அவற்றில் வயதை நாம் குறைக்க முடியாது, வெயிலைக் குறைக்கலாம்.

கருநிறக் கண் உடையவர்களுக்கு இதெல்லாம் வராது, நீலக் கண்ணர்களுக்குத்தான் கூலிங் கிளாஸ் தேவை என்ற எண்ணம் நம்மிடையே இருக்கிறது. கண்ணின் நிறம் என்பது கண்மணியைச் சுற்றியுள்ள திரையின் நிறம். கார்னியா அந்தத் திரைக்கு முன்னால் இருக்கிறது. லென்ஸோ திரையின் நடுவிலுள்ள துளையின் வழியே ஒளியை வாங்குகிறது. இரண்டையும் அந்தக் கருமை காப்பாற்றுவதில்லை.

காலை எட்டரையும் மாலை மூன்றரையும்

தோலுக்கு நண்பகல்தான் ஆபத்து. கண்ணுக்கும் அதுவே என்று எண்ணுவது இயல்பு, ஆனால் அப்படியில்லை. ஜப்பானில் கனஸாவா மருத்துவப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹிரோஷி சஸாகி குழுவினர், பொம்மைத் தலையின் கண் இருக்கும் இடத்தில் உணர்கருவியைப் பொருத்தி நாள் முழுதும் அளந்து, 2011இல் முடிவுகளை வெளியிட்டனர். சூரியனை நோக்கி நிற்கும் முகத்தில், கண்ணுக்குள் விழும் பி வகைப் புற ஊதா உச்சிப் பொழுதில் உச்சத்தை எட்டவில்லை; சூரியன் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 40 பாகை உயரத்தில் இருக்கும்போது, முற்பகலில் ஒரு முறையும் பிற்பகலில் ஒரு முறையுமாக, இரண்டு தடவை எட்டியது. காரணம் எளியது. உச்சி வெயிலை நம் புருவ எலும்பும் மேலிமையும் கூரை போல மறைத்துவிடுகின்றன. சாய்ந்து வரும் வெயிலுக்கு அந்தக் கூரை பயன்படுவதில்லை.

இதைச் சென்னைக்குப் பொருத்திப் பார்த்தால், கோடை மாதங்களில் சூரியன் அந்த உயரத்தில் நிற்பது காலை எட்டரை மணியையும் மாலை மூன்றரை மணியையும் ஒட்டி. பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் போகும் நேரமும், பள்ளி விட்டு வரும் நேரமும் அவையே. பூந்தமல்லியிலிருந்து நகருக்குள் இருசக்கர வாகனத்தில் வருபவர் காலையில் கிழக்கு நோக்கி ஓட்டுகிறார். மாலையில் வீடு திரும்பும்போது மேற்கு நோக்கி ஓட்டுகிறார். இரு வேளையும் சூரியன் அவர் முகத்துக்கு நேரே. நண்பகலில் நிழலில் இருந்துவிடுகிறேன், எனக்கு எதற்குக் கண்ணாடி என்று கேட்பவர் தம் பயண நேரத்தையும் திசையையும் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். தலைக்கவசத்தின் முன்மறைப்பு பாலிகார்பனேட்டால் ஆனதாக இருந்தால் அதுவே நல்ல தடுப்பு. ஆனால் காற்று வேண்டி அதை மேலே தூக்கிவிட்டுக்கொண்டு ஓட்டும் பழக்கம்தான் நம் சாலைகளில் அதிகம்.

கருமை செய்யும் வேலையும் செய்யாத வேலையும்

முழுக்க நிறமற்ற ஒரு கண்ணாடி புற ஊதாவை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிட முடியும். பாலிகார்பனேட் என்னும் உறுதியான பிளாஸ்டிக் இயல்பிலேயே அப்படிப்பட்டது. மூக்குக் கண்ணாடிகளில் வழக்கமாக வரும் சி.ஆர்.-39 என்ற பிளாஸ்டிக், பி வகையைத் தடுத்தாலும் 400 நானோமீட்டர் வரை முழுமையாகத் தடுக்க அதற்குச் சேர்மானமோ பூச்சோ தேவைப்படுகிறது. ஆகவே பார்வைக்காக அணியும் வெள்ளைக் கண்ணாடியே பலருக்குத் தெரியாமல் இந்த வேலையைச் செய்துகொண்டிருக்கலாம். கடைக்காரரிடம் கேட்டால் சொல்லிவிடுவார்.

மறுபுறம், கண்ணாடி எவ்வளவு கருப்போ அவ்வளவு பாதுகாப்பு என்பது பொய். கருமையை உண்டாக்கும் சாயம் கட்புலனாகும் ஒளியைக் குறைப்பதற்காகச் சேர்க்கப்படுவது. அது புற ஊதாவையும் நிறுத்தும் என்ற உறுதி எதுவும் இல்லை. புற ஊதாத் தடுப்பு இல்லாத கரிய கண்ணாடி, வெறுங்கண்ணைவிடவும் கேடானதாகலாம் என்று மருத்துவர்கள் எச்சரிப்பதற்குக் காரணம் உண்டு. வெளிச்சத்தில் கண்மணி சுருங்குவதும், இமைகள் இடுங்குவதும் இயற்கை தந்த தற்காப்பு. கருப்புக் கண்ணாடிக்குப் பின்னால் கண் தான் இருட்டில் இருப்பதாக நம்பி, கண்மணியை விரித்து, இமையையும் நன்றாகத் திறந்துவிடுகிறது. அப்போது தடுக்கப்படாமல் வரும் புற ஊதாவுக்குக் கதவு அகலத் திறந்தது போலாகிவிடும்.

கண்ணாடிப் பொருளைக் கொண்டே கண்ணைக் காக்கலாம் என்ற முயற்சி நூறாண்டுக்கு முந்தையது. கண்ணாடி உருக்கும் உலைக்கு முன் வேலை செய்தவர்களுக்குக் கண்புரை மிகுதியாக வந்ததால், வேதியியலாளர் வில்லியம் குரூக்ஸ் முந்நூறுக்கும் மேற்பட்ட கண்ணாடிக் கலவைகளைச் செய்து சோதித்து, 1913இல் லண்டன் ராயல் சொசைட்டியில் முடிவுகளைச் சமர்ப்பித்தார். வெப்பக் கதிரையும் புற ஊதாவையும் நிறுத்த வேண்டும், அதே வேளையில் பார்வையை இருட்டாக்கவும் கூடாது என்பதே அவருடைய தேடலாக இருந்தது. கருமையையும் காப்பையும் அவர் அன்றே பிரித்துப் பார்த்துவிட்டார். கடைகளில் நாம்தான் இன்னும் பிரிக்கவில்லை.

வாங்கும்போது பார்க்க வேண்டிய சொல் யூவி 400. 400 நானோமீட்டர் வரையுள்ள புற ஊதா அனைத்தையும் தடுக்கும் என்பது அதன் பொருள். ஐரோப்பாவின் சி.இ. முத்திரை சார்ந்திருக்கும் தரம் புற ஊதாவின் எல்லையை 380 என்று கொள்கிறது. ஆகவே முத்திரையோடு யூவி 400 என்ற சொல்லும் இருந்தால் நல்லது. 1971இலேயே வெயில் கண்ணாடிக்கு நாட்டளவில் தரம் வகுத்த ஆஸ்திரேலியா 400 என்ற எல்லையையே பின்பற்றுகிறது. ஆனால் ஒட்டுத்தாளை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்பதையும் மறக்கக் கூடாது. ஓரளவு பெரிய கண்ணாடிக் கடைகளில் புற ஊதா எவ்வளவு ஊடுருவுகிறது என்று காட்டும் சிறு அளவி இருக்கும். நொடிப்பொழுதில் எண்ணைச் சொல்லிவிடும். நம்மிடம் உள்ள பழைய கண்ணாடியையும் அதில் வைத்துப் பார்க்கச் சொல்லலாம். வீட்டிலேயே தோராயமாகப் பார்க்க, கள்ள நோட்டைக் கண்டறியும் ஊதா விளக்கை ஒரு ரூபாய் நோட்டின் மேல் அடித்தால் வரிசை எண்ணும் இழைகளும் ஒளிரும். இடையில் கண்ணாடியைப் பிடித்ததும் ஒளிர்வு அடங்கினால் அது நல்ல அறிகுறி. விலை மலிந்த விளக்குகள் 395 நானோமீட்டரை ஒட்டி, எல்லைக் கோட்டிலேயே ஒளி தருவதாலும், கண்ணாடியின் கருமையே ஒளிர்வை மங்கச் செய்துவிடும் என்பதாலும், இந்தச் சோதனையை முடிந்த முடிவாகக் கொள்ளக் கூடாது.

விலையைப் பற்றியும் ஒரு சொல். நடைபாதையில் நூற்றைம்பது ரூபாய்க்கு விற்பது கட்டாயம் கெட்டது என்றும், பத்தாயிரம் ரூபாய் நிறுவனக் கண்ணாடி கட்டாயம் நல்லது என்றும் சொல்ல முடியாது. புற ஊதாவைத் தடுக்கும் பொருள் இன்று விலை மிகுந்த ஒன்றல்ல. கூடுதல் பணம் பெரும்பாலும் பெயருக்கும் சட்டகத்துக்கும் போகிறது. மலிவானதில் உள்ள உண்மையான இடர், அளந்து பார்க்காமல் தெரிந்துகொள்ள வழியில்லை என்பதும், லென்ஸில் அலையலையாகத் தெரியும் குறைகள் தலைவலியைத் தரலாம் என்பதும்தான்.

கருமையின் அளவுக்கும் ஒரு வகைப்பாடு உண்டு. சர்வதேசத் தரத்தில் 0 முதல் 4 வரை ஐந்து வகைகள். 3ஆம் வகை கட்புலனாகும் ஒளியில் 8 முதல் 18 விழுக்காட்டை உள்ளே விடுகிறது. நம் பகல் வெயிலுக்கு அது பொருத்தமானது. 4ஆம் வகை 3 முதல் 8 விழுக்காட்டையே விடுகிறது. பனிமலைக்கு ஆனது, அதை அணிந்து வண்டி ஓட்டக் கூடாது. நிறங்களில் சாம்பல் பிற நிறங்களைத் திரிக்காமல் காட்டும். பழுப்பு, மேடு பள்ளங்களைச் சற்று எடுப்பாகக் காட்டும். பாதுகாப்பில் இவற்றுக்குள் வேறுபாடு கிடையாது.

போலராய்டு என்று சொல்லி விற்கப்படுவதும் பாதுகாப்பின் பெயரல்ல. தண்ணீர், தார்ச்சாலை, வண்டியின் பானட் போன்ற கிடைமட்டப் பரப்புகளில் பட்டுத் தெறிக்கும் ஒளி ஒரே தளத்தில் அதிர்கிறது. அந்தத் தளத்தின் ஒளியை மட்டும் நிறுத்துவது போலராய்டின் வேலை. மீனவர்களுக்கும் நெடுஞ்சாலை ஓட்டுநர்களுக்கும் இது பெரிய உதவி. கண்ணாடியைக் கைப்பேசித் திரைக்கு முன் பிடித்து மெல்லத் திருப்பினால், ஒரு நிலையில் திரை இருண்டுவிடும். அப்படி இருண்டால் அது போலராய்டுதான். யூவி 400 இருக்கிறதா என்பதைத் தனியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

வெயிலில் தானே கருத்து, நிழலில் தானே வெளுக்கும் போட்டோகுரோமிக் கண்ணாடிகளைப் பற்றி இரண்டு செய்திகளை மட்டும் சொல்லலாம். அவற்றைக் கருக்கச் செய்வதே புற ஊதாதான் என்பதால், அதைத் தடுக்கும் கார் முன்கண்ணாடிக்குப் பின்னால் அவை சரியாகக் கருப்பதில்லை. வெப்பம் கூடக் கூட அவை கருக்கும் அளவும் குறைகிறது. வேலூர் மே மாதத்தில் அவற்றிடம் ஊட்டியின் கருமையை எதிர்பார்க்கக் கூடாது. எனினும் கருக்காத நேரத்திலும் அவை புற ஊதாவைத் தடுத்துக்கொண்டுதான் இருக்கின்றன.

காரைச் சொன்னதால் இதையும் சொல்ல வேண்டும். முன்கண்ணாடி, நடுவில் பிளாஸ்டிக் ஏடு வைத்து ஒட்டிய இரட்டைக் கண்ணாடி; பக்கக் கண்ணாடிகள் பெரும்பாலும் அப்படியல்ல. 29 கார்களை அளந்து 2016இல் வெளியான அமெரிக்க ஆய்வில், முன்கண்ணாடிகள் ஏ வகையில் சராசரியாக 96 விழுக்காட்டைத் தடுத்தன. பக்கக் கண்ணாடிகளின் சராசரி 71தான், ஒரு காரில் 44ஆகவும் இருந்தது. நம் நாட்டில் 2012இல் உச்ச நீதிமன்றம் கருப்புத் தாள் ஒட்டுவதைத் தடை செய்த பிறகு, நாள் முழுதும் வாடகை வண்டி ஓட்டுபவரின் வலக் கண்ணுக்குப் பக்கவாட்டிலிருந்து வரும் வெயில் கவனிக்கத் தக்கதாகிவிட்டது.

வடிவத்தைப் பொறுத்தவரை, கொரோனியோ காட்டிய பக்கவாட்டு ஒளியை நினைவில் வைத்தால் போதும். முகத்தோடு ஒட்டி, நெற்றிப்பொட்டு வரை வளைந்து, புருவத்திலிருந்து கன்ன எலும்பு வரை மூடும் கண்ணாடி, சிறிய வட்டக் கண்ணாடியைவிட மேலானது. மூக்கில் வழுக்கிக் கீழே இறங்கும் கண்ணாடியின் மேலிடுக்கு வழியே வெயில் தாராளமாக நுழையும். இதனோடு அகன்ற விளிம்புள்ள தொப்பி சேர்ந்தால் பலன் மிகப் பெரியது: தொப்பி மட்டுமே கண்ணில் விழும் புற ஊதாவைப் பாதியாகக் குறைக்கும் என்றும், முகத்தோடு ஒட்டிய கண்ணாடியும் சேர்ந்தால் 98 விழுக்காடு வரை குறையும் என்றும் ஆஸ்திரேலியாவின் கேன்சர் கவுன்சில் சொல்கிறது. முண்டாசு தலையைக் காக்கும், கண்ணுக்கு நிழல் தராது. பனையோலைத் தொப்பி தரும்.

யாருக்கு மிகவும் தேவை

நம் ஊரில் கூலிங் கிளாஸ் என்றதும் நினைவுக்கு வருவது இரண்டு முன்னாள் முதலமைச்சர்களின் முகங்கள், அடுத்து திரைப்பட நாயகர்கள், அதற்கடுத்து மெட்ராஸ் ஐ வந்தவர்கள். மெட்ராஸ் ஐ கையாலும் துண்டாலும் தொற்றுவது. நோயாளியைப் பார்ப்பதால் பரவுவதல்ல. அங்கே கருப்புக் கண்ணாடி கூச்சத்தைக் குறைக்கிறது, கையைக் கண்ணுக்குக் கொண்டுபோவதைச் சற்றுத் தடுக்கிறது, அவ்வளவே. உண்மையில் அதிகம் தேவைப்படுபவர்கள் அதை அணிந்து நாம் பார்க்காதவர்கள். தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் உப்பளங்களில் வெண்ணிறப் பாத்திகளுக்கு நடுவே நிற்பவர்களுக்கு வெயில் மேலிருந்தும் வருகிறது, கீழிருந்தும் வருகிறது. கடற்கரை மணல் தன்மேல் விழும் புற ஊதாவில் 15 விழுக்காட்டையும், கடல் நுரை 25 விழுக்காட்டையும் திருப்பி அனுப்புகின்றன. தொப்பியால் தடுக்க முடியாதது இந்தக் கீழ்வரவுதான். மீனவர், கொத்தனார், சித்தாள், நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள், போக்குவரத்துக் காவலர் ஆகியோருக்குக் கையுறையும் தலைக்கவசமும் போலக் கண்ணாடியும் வேலைக் கருவி என்று எண்ணப்பட வேண்டும் என்பது என் கருத்து. வயலில் களை எடுக்கும் பெண் கூலிங் கிளாஸ் அணிந்தால் ஊர் சிரிக்கும் என்ற தயக்கமும் இதில் இருக்கிறது. நிறமற்ற பாலிகார்பனேட் கண்ணாடி அந்தத் தயக்கத்துக்கு நல்ல மாற்று.

குழந்தைகளின் லென்ஸ் மிகத் தெளிவானது. பெரியவர்களின் லென்ஸ் நிறுத்தும் புற ஊதாவில் ஒரு பகுதி அவர்களுடைய விழித்திரை வரை சென்றுவிடுகிறது. திருவிழாக் கடையில் வாங்கும் வண்ணப் பிளாஸ்டிக் கண்ணாடி விளையாட்டுப் பொருள். அதை நம்பி வெயிலில் விடக் கூடாது. அதற்காகக் குழந்தையை வீட்டுக்குள் பூட்டிவைப்பதும் தவறு. நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் வெளியில் இருப்பது கிட்டப்பார்வை வருவதைத் தள்ளிப்போட உதவுகிறது. தொப்பியோடும் மர நிழலோடும் விளையாட விடுவதே சரி.

கண்புரை அறுவை செய்துகொண்டவர்களுக்கு மருத்துவமனை ஒரு கருப்புக் கண்ணாடி தருகிறது. முதல் சில நாட்களில் அது கூச்சத்துக்கும் தூசிக்கும் ஆனது. இப்போது பொருத்தப்படும் செயற்கை லென்ஸ்களில் புற ஊதாவை உறிஞ்சும் பொருள் சேர்க்கப்பட்டிருப்பதால், விழித்திரைக்கான காவல் உள்ளேயே அமைந்துவிடுகிறது. மதுரையில் 1976இல் பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய மருத்துவர் கோ. வெங்கடசாமியின் நிறுவனம், 1992இல் ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தை அமைத்து அத்தகைய லென்ஸ்களை மலிவாகச் செய்யத் தொடங்கிய பிறகுதான், லென்ஸ் இல்லாமல் தடித்த சோடாபுட்டிக் கண்ணாடியோடு காலம் தள்ளும் நிலை எளியவர்களிடையே மறையத் தொடங்கியது. லென்ஸ் பொருத்தாமல் புரை எடுக்கப்பட்ட முதியவர் எவரேனும் வீட்டில் இருந்தால், அவருக்கு யூவி 400 கண்ணாடி மற்ற எவரையும்விடக் கட்டாயமானது.

கடைசியாக, கூலிங் கிளாஸ் எதற்குப் பயன்படாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். சூரியனை நேரே உற்றுப் பார்க்கும்போது விழித்திரையைச் சுடுவது பெரும்பாலும் கட்புலனாகும் ஒளியே. புற ஊதாவைத் தடுப்பதால் அங்கே பயனில்லை. விழித்திரைக்கு வலியுணர்வு இல்லாததால் சுடுவதும் தெரியாது. 2010 ஜனவரி 15, 2019 டிசம்பர் 26 ஆகிய நாட்களில் தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் வளையச் சூரிய கிரகணம் தெரிந்தது. அடுத்து 2031 மே 21 அன்று தென்னிந்தியாவின் மீதும் வட இலங்கையின் மீதும் மீண்டும் அத்தகைய கிரகணம் கடந்து செல்லும். கிரகணம் பார்ப்பதற்கான ஐ.எஸ்.ஓ. 12312-2 தரத்துக் கண்ணாடி, ஒளியில் 0.0032 விழுக்காட்டுக்கு மேல் உள்ளே விடக் கூடாது. கடையில் கிடைக்கும் மிகக் கரிய, 4ஆம் வகைக் கூலிங் கிளாஸும் அதைப் போல ஏறத்தாழ ஆயிரம் மடங்கு ஒளியை உள்ளே விட்டுவிடும்; ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டை அணிந்தாலும் அந்த அளவுக்கு இறங்காது.